ஒய் குரோமோசோம் டெஸ்ட்ல ஏஇசட்எஃப்-சி இல்லன்னு வந்திருக்கு, இந்த டாஸ் ஜீன் அப்படி என்னதான் வேலை பாக்குது?

தறிக்காரன்_ஈரோடு

எல்லாருக்கும் வணக்கம். இங்க ரொம்ப நாளா படிச்சுட்டு இருக்கேன், எழுதறது இதான் முதல் தடவ, கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கோங்க.

கல்யாணம் ஆகி பல வருஷம் ஆச்சு, குழந்தை இல்ல. ஆரம்பத்துல எல்லா டெஸ்ட்டும் என் வீட்டம்மாவுக்குத்தான். ஸ்கேன், டியூப் அடைப்பு பாக்கற எக்ஸ்ரே, மாசாமாசம் முட்டை வளர மாத்திரை ஊசின்னு அவ உடம்பு படாத பாடு பட்டுச்சு. இப்ப பாக்கற டாக்டரம்மாதான் மொத நாளே எனக்கு விந்து டெஸ்ட் எழுதிக்குடுத்தாங்க. ரெண்டு தடவ எடுத்தும் 'ஸ்பெர்ம் நாட் சீன்'னு வந்துச்சு. அப்புறம் ரத்தம் எடுத்து ஜீன் டெஸ்ட்டுக்கு அனுப்பினாங்க.

ரிப்போர்ட் இப்ப கையில இருக்கு. கேரியோடைப், அதாவது குரோமோசோம் எண்ணிக்கையும் அமைப்பும், 46 எக்ஸ்ஒய், நார்மல். அடுத்த பக்கத்துல ஒய் குரோமோசோம்ல இருக்கற அடையாள இடங்களோட ஒரு டேபிள், எஸ்ஒய் 84, 86, 127, 134 நாலுக்கும் நேரா 'பிரசென்ட்', எஸ்ஒய் 254, 255 ரெண்டுக்கும் 'ஆப்சென்ட்'. கீழ ஏஇசட்எஃப்-சி டெலிஷன்னு, அதாவது ஒய் குரோமோசோம்ல அந்தப் பேருள்ள பகுதி காணோம்னு போட்டிருக்கு. டாக்டரம்மா "விந்து உற்பத்திக்கு வேண்டிய டாஸ்னு ஒரு ஜீன் உங்ககிட்ட இல்ல, அது ஆர்என்ஏ-வ பிடிச்சுக்கற ஒரு புரோட்டீனுக்கான ஜீன்"னாங்க. வெளிய கூட்டம், அதுக்கு மேல கேக்க முடியல.

நான் பிளஸ் டூ-ல பயாலஜி படிச்சவன், டிஎன்ஏ ஆர்என்ஏ புரோட்டீன் வரைக்கும் ஞாபகம் இருக்கு. எனக்குப் புரியாதது இதுதான்: தாடி மீசை, ஆசை, உடம்பு பலம் எல்லாம் சரியா இருக்கறப்ப ஆர்என்ஏ-வ பிடிக்கற ஒரே ஒரு புரோட்டீன் இல்லன்னா எப்படி விந்தணு மட்டும் சுத்தமா நின்னு போகும்? இது எங்கப்பாகிட்ட இருந்து வந்ததா? எனக்கு ஒரு பையன் பொறந்தா அவனுக்கும் வருமா? தெரிஞ்சவங்க விவரமா சொல்லுங்க, ஆறுதல் வேண்டாம், விஷயம் வேணும்.

லேப்பெஞ்ச்_கலா

வணக்கம் அண்ணா. நான் எலி விரையில ஆர்என்ஏ வேலை பாக்கற ஆராய்ச்சிக்காரி, டாக்டர் இல்ல, அதனால ட்ரீட்மென்ட் பத்தி சொல்ல மாட்டேன், ஜீன் என்ன பண்ணுதுங்கறத மட்டும் சொல்றேன். நீங்க கேட்ட கேள்வி இந்தத் துறையோட நடு மையத்துல இருக்கற கேள்வி.

நீங்க தறிக்காரர்ங்கறதால உங்க பாஷையிலயே ஆரம்பிக்கறேன். டிசைன் மொத்தமும் டிஎன்ஏ. அதுல இருந்து குத்தி எடுத்த ஜக்கார்டு அட்டைதான் எம்ஆர்என்ஏ. அட்டை குத்திட்டா மட்டும் பூ விழுந்துடாது, எந்த அட்டைய இப்ப ஏத்தணும், எத ஓரமா எடுத்து வெக்கணும், எது இனிமே வேண்டாம்னு கழிச்சுப் போடணும்னு பாக்க ஆள் வேணும். அந்த ஆள்தான் ஆர்என்ஏ-வ பிடிக்கற புரோட்டீன். உடம்புல எல்லா செல்லுலயும் இப்படி நூத்துக்கணக்குல இருக்கு, ஆனா விரையில இவங்க தயவு இல்லாம ஒரு வேலையும் நடக்காது.

ஏன்னு சொல்றேன். விந்தணு உருவாகறது ஒரு நாள் வேலை இல்ல, மனுஷன்ல ஸ்டெம் செல்லுல இருந்து கிளம்பி விரைக்குள்ளயே சுமார் 64 நாள் ஆகும். மொதல்ல செல்லு பெருகும், அப்புறம் மியோசிஸ்ங்கற பிரிவுல குரோமோசோம் ஜோடி சேர்ந்து, கலந்து, பாதியாகும், அப்புறம் உருண்டையா இருக்கற செல்லு நீண்டு வால் முளைச்சு விந்தணுவாகும். இந்தக் கடைசிக் கட்டத்துல தலைக்குள்ள டிஎன்ஏ-வ சுருட்டி வெச்சிருந்த ஹிஸ்டோன் புரோட்டீன்ல பெரும்பகுதிய எடுத்துட்டு புரோட்டமைன்னு வேற ஒண்ண வெச்சு டிஎன்ஏ-வ இறுக்கிக் கட்டிடும். அப்படி இறுக்கினதுக்கு அப்புறம் எந்த ஜீனையும் படிக்க முடியாது, புது எம்ஆர்என்ஏ வரவே வராது. ஆனா வால் கட்டணும், தலைய வடிவமாக்கணும், வேலை பாக்கி கெடக்கு. அதுக்கான எம்ஆர்என்ஏ எல்லாத்தையும் முன்னாடியே எடுத்து பத்திரமா வெச்சிருந்து, நேரம் வந்ததும் ஒவ்வொண்ணா வெளிய விடணும். மத்த செல்லு தப்பு பண்ணினா ஜீன திரும்ப படிச்சுக்கும், இந்த செல்லுக்கு அந்த வசதி கெடையாது.

இப்ப டாஸ். இது இன்னும் கொஞ்சம் முந்தின கட்டத்து ஆள். எம்ஆர்என்ஏ-வோட வால் பக்கம், புரோட்டீனா மாறாத ஒரு துண்டு இருக்கும், டாஸ் குடும்பம் அங்க போய் உக்காந்துக்கும், அங்க யு எழுத்து நிறைய வர்ற இடமா பாத்து. உக்காந்து, பிஏபிபின்னு இன்னொரு புரோட்டீன கூட்டிட்டு வந்து, இந்த எம்ஆர்என்ஏ-வ அழிக்காம இதுல இருந்து நிறைய புரோட்டீன் செய்யின்னு ரைபோசோமுக்கு, அதாவது புரோட்டீன் செய்யற கருவிக்கு, தள்ளும். எலியில பாத்ததுல, மியோசிஸ்ல குரோமோசோம் ஜோடி சேரறப்ப அச்சா நிக்கற எஸ்ஒய்சிபி3ங்கற புரோட்டீனோட எம்ஆர்என்ஏ இப்படி தூக்கிவிடப்படறதுல ஒண்ணு. ஜீன் இருக்கும், எம்ஆர்என்ஏ-வும் இருக்கும், ஆனா தூக்கிவிட ஆள் இல்லன்னா புரோட்டீன் போதுமான அளவு வராது, செல்லு அந்த இடத்துலயே திணறி செத்துப்போகும்.

தாடி மீசை ஏன் சரியா இருக்குன்னு கேட்டீங்கல்ல. ஆண் ஹார்மோன் செய்யறது, விரைக்குள்ள விந்தணு உருவாகற சின்னச் சின்ன குழாய்களுக்கு நடுவுல இருக்கற லெய்டிக் செல்லு. டாஸ் வேலை பாக்கறது குழாய்க்கு உள்ள இருக்கற விந்து செல்லுல மட்டும். ரெண்டும் ஒரே விரையில இருந்தாலும் வேற வேற வேலை. ஆம்பளத்தனத்துக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, இத உங்க வீட்டுப் பெரியவங்களுக்கும் சொல்லுங்க.

வரலாறு கொஞ்சம் சொல்லணும்னு ஆசையா இருக்கு. 1976-ல இத்தாலியில டியெபோலோவும் ஜுஃபார்டியும் 1170 ஆண்களோட குரோமோசோம மைக்ரோஸ்கோப்ல பாத்து, விந்தணுவே இல்லாத ஆறு பேருக்கு ஒய் குரோமோசோம்ல நீள கையோட ஒரு பகுதி காணோம்னு கண்டுபிடிச்சாங்க. அங்க விந்தணுவுக்கு வேண்டிய ஏதோ ஒண்ணு இருக்குன்னு அப்பவே சொல்லிட்டாங்க, அது என்னன்னு தெரிய இருபது வருஷம் கிட்ட ஆச்சு. 1995-ல அமெரிக்காவுல டேவிட் பேஜ் குழு விந்தணு இல்லாத 89 பேர பாத்ததுல 12 பேருக்கு ஒரே பகுதி காணாம போயிருந்துச்சு, அதுக்குள்ள இருந்த ஜீனுக்குத்தான் டாஸ்னு பேர் வெச்சாங்க. உங்க ரிப்போர்ட்ல இருக்கற 254, 255 ரெண்டும் அந்த ஜீன் பக்கத்து அடையாளம்தான்.

அப்பாகிட்ட இருந்து வந்ததாங்கறதுக்கு: பெரும்பாலும் இல்ல. ஒய் குரோமோசோம்ல அந்த இடத்துல ஒரே எழுத்து வரிசை திரும்பத் திரும்ப, அச்சு அசலா வரும். உங்கப்பாவோட விந்து செல்லுல காப்பி எடுக்கறப்ப ஒரு வரிசை தள்ளி இருக்கற அதே மாதிரி இன்னொரு வரிசையோட மாத்தி ஒட்டிக்கிச்சுன்னா நடுவுல இருக்கற 35 லட்சம் எழுத்து மொத்தமா விழுந்துடும். அது உங்களுக்கு வந்த அந்த ஒரு விந்தணுவுல புதுசா நடந்தது. யார் சாப்பிட்டதாலயும், யார் செஞ்ச எதனாலயும் வந்ததில்ல.

மூலிகை_நேசன்

தம்பி மனச விடாதீங்க. எங்க சொந்தத்துல ஒருத்தருக்கு கவுன்ட் ரொம்ப கம்மியா இருந்துச்சு, அமுக்கரா சூரணம், பூனைக்காலி விதை பால்ல கலந்து சாப்பிட்டு மூணு மாசத்துல ஏறுச்சு, இப்ப ஒரு பொண்ணு இருக்கு. அமுக்கராவ வெச்சு ஆராய்ச்சியும் பண்ணிருக்காங்கன்னு படிச்சேன். ஆபரேஷன் ஊசின்னு போறதுக்கு முன்னாடி இத ஒரு தடவ பாக்கலாமே.

எம்ப்ரியோ_அக்கா

மூலிகை நேசன் சார், நீங்க நல்ல மனசோட சொல்றீங்க, அதுல சந்தேகம் இல்ல. ஆனா இவருக்கு அது பொருந்தாது, ஏன்னா அந்த ஆராய்ச்சி எல்லாம் விந்தணு உருவாகிட்டு இருக்கற, ஆனா எண்ணிக்கையும் ஓட்டமும் கம்மியா இருக்கற ஆட்கள்கிட்ட பண்ணினது. இவருக்கு ஜீனே இல்ல. இல்லாத ஜீன எந்த சூரணமும், எந்த விட்டமினும், எந்த ஹார்மோன் ஊசியும் திரும்ப எழுதி வெக்காது. நான் கிளினிக்ல எம்ப்ரியாலஜிஸ்ட்டா, அதாவது லேப்ல விந்தணு, முட்டை, கருவ கையாள்ற ஆளா இருக்கேன், இதே ரிப்போர்ட்டோட வர்றவங்க ஏற்கனவே வருஷக்கணக்குல பவுடருக்கும் லேகியத்துக்கும் காசு கொட்டிட்டு வர்றத பாக்கறப்ப வயிறு எரியுது. காசு போனா போகுது, அதுக்குள்ள அவங்க மனைவிக்கு வயசு ஏறிடுது பாருங்க, முட்டையோட தரம் காத்துட்டு இருக்காது.

தம்பி, உங்களுக்கு இப்ப முக்கியமா தெரிய வேண்டியது: ஏஇசட்எஃப் ஏ, பி, சின்னு மூணு பகுதி. ஏ முழுசா இல்லன்னாலோ பி முழுசா இல்லன்னாலோ விரைக்குள்ள தேடினாலும் விந்தணு கெடைக்க வாய்ப்பு அநேகமா இல்ல, அவங்களுக்கு ஆபரேஷன் வேண்டாம்னே சொல்லிடுவோம். உங்க ரிப்போர்ட்ல ஏ-வும் பி-யும் இருக்கு, சி மட்டும் இல்ல. சி மட்டும் போனவங்கள்ல சிலருக்கு விந்துலயே கொஞ்சம் விந்தணு வரும், வராதவங்கள்ல ஏறக்குறைய பாதிப் பேருக்கு விரைக்குள்ள தேடினா கெடைக்கும். அதனால உங்க ரிப்போர்ட்ட முடிஞ்சுபோன கதைன்னு எடுத்துக்காதீங்க.

தேடறதுன்னா எப்படின்னு சொல்றேன், பயம் போகும். மைக்ரோ டீசின்னு சொல்வாங்க, 1999-ல நியூயார்க்ல ஷ்லேகல்ங்கற டாக்டர் கொண்டு வந்த முறை. மயக்கம் குடுத்து விரைய திறந்து, ஆபரேஷன் மைக்ரோஸ்கோப்புக்கு கீழ குழாய்கள பாப்பாங்க. விந்து செல்லு இல்லாத குழாய் மெலிஞ்சு நூலாட்டம் இருக்கும், உள்ள ஏதாவது இருக்கற குழாய் கொஞ்சம் பருத்து, வெள்ளையா, ஒளி ஊடுருவாம தெரியும். அத மட்டும் நுனி இடுக்கியால கிள்ளி என்கிட்ட டிஷ்ல குடுப்பாங்க. நான் ரெண்டு ஊசி வெச்சு அத கீறி, பிதுக்கி, சொட்டு சொட்டா பரப்பி பாக்கணும். ரத்த செல்லுக்கும், விந்து செல்ல தாங்கி வளக்கற செர்டோலி செல்லுக்கும் நடுவுல ஒரே ஒரு வால் ஆடறத பாக்க சில சமயம் மணிக்கணக்குல கண்ணு வலிக்க தேடுவோம். கெடைச்சா அத ஒரு முட்டைக்குள்ள நேரா ஊசியால செலுத்தறதுதான் இக்ஸி. பத்து விந்தணு கெடைச்சாலும் அது பத்து முட்டைக்குப் போதும்.

பையன் விஷயம் மறைக்காம சொல்லணும். ஒய் குரோமோசோம் அப்பாகிட்ட இருந்து பையனுக்கு அப்படியே போறதால உங்களுக்குப் பையன் பொறந்தா இந்த டெலிஷன் அவனுக்கும் கண்டிப்பா போகும். பொண்ணு பொறந்தா உங்க ஒய் அவளுக்குப் போகாது, அதனால பிரச்சினையே இல்ல. பையன் பொதுவா மத்த எல்லாத்துலயும் ஆரோக்கியமா இருப்பான், பெரியவனானதும் அவனுக்கும் இதே டாக்டர் வேணும், அவ்வளவுதான். அதனால பொண்ணா மட்டும் பாத்து வெச்சுக்கலாமான்னு நிறைய பேர் கேப்பாங்க, கருவோட பாலினம் பாத்து தேர்ந்தெடுக்கறதுக்கு நம்ம நாட்டுல 1994 சட்டப்படி பொதுவா தடை இருக்கு, யாராவது ரகசியமா பண்ணித்தரேன்னு சொன்னா அந்த இடத்த விட்டு வந்துடுங்க. இதப் பத்தி நீங்களும் உங்க மனைவியும் சேர்ந்து உக்காந்து ஜெனெடிக் கவுன்சிலர்கிட்ட பேசுங்க, தனியா முடிவு எடுக்காதீங்க.

பயோடெக்_இரண்டாம்வருஷம்

கலா அக்கா ஒரு டவுட். எங்க கிளாஸ்ல எலிக்கு ஒய் குரோமோசோம்ல டாஸ் கெடையாதுன்னு சொன்னாங்க. அப்ப எலிய வெச்சு பண்ற ஆராய்ச்சி மனுஷனுக்கு எப்படி பொருந்தும்? அப்புறம் மனுஷ ஒய்-ல டாஸ் நாலு காப்பி இருக்குன்னு படிச்சேன், அந்த நாலும் போயிடுச்சுன்னா சிலருக்கு மட்டும் எப்படி விந்தணு வருது? முழுசா நின்னுடணும்ல?

லேப்பெஞ்ச்_கலா

ரெண்டுமே சரியான கேள்வி தம்பி, ரெண்டுக்கும் பதில் ஒரே இடத்துல இருக்கு.

இந்தக் குடும்பத்துல மூணு பேர். ரொம்பப் பழைய ஆள் பிஓஎல்எல், பழ ஈயில இருந்து மனுஷன் வரைக்கும் இருக்கு, நமக்கு அது 2-வது குரோமோசோம்ல. அதுல இருந்து பிரிஞ்சது டாஸ்-எல், 3-வது குரோமோசோம்ல, எலிக்கும் உண்டு. டாஸ்-எல்லோட ஒரு காப்பி ஒய் குரோமோசோமுக்குத் தாவி அங்க பெருகினதுதான் டாஸ், இது மனுஷனுக்கும் நமக்கு நெருங்கின குரங்கு வகைகளுக்கும் மட்டும்தான். ஆக உங்க கிளாஸ்ல சொன்னது உண்மை, எலி ஒய்-ல டாஸ் இல்ல.

1997-ல எடின்பரோவுல ஹோவர்ட் குக் குழு எலியில டாஸ்-எல்ல எடுத்துப் பாத்தாங்க. ஆண் பெண் ரெண்டுமே மலடு. நான் அந்த மாதிரி எலியோட விரைய கண்ணால பாத்திருக்கேன். நார்மல் எலியில குழாய குறுக்கா வெட்டி சாயம் போட்டு பாத்தா சுவர் ஓரத்துல ஸ்டெம் செல்லு, அதுக்கு உள்ள பெரிய பெரிய மியோசிஸ் செல்லு, அதுக்கும் உள்ள உருண்டை செல்லு, நடு வெளியில வாலெல்லாம் நீட்டிக்கிட்டு விந்தணு, அடுக்கடுக்கா நெருக்கமா இருக்கும். டாஸ்-எல் இல்லாத வளந்த எலியில அதே குழாய்ல செர்டோலி செல்லு மட்டும் ஓரமா நிக்கும், உள்ள வெறுமையா இருக்கும். முதல் தடவ பாத்தப்ப ஒரு புரோட்டீனுக்கு இவ்வளவு அதிகாரமான்னு தோணுச்சு. 1999-ல அதே குழு அந்த எலிக்கு மனுஷனோட டாஸ் ஜீன வெச்சுப் பாத்தாங்க, விந்தணு முழுசா வரல, ஆனா விந்து செல்லு ஓரளவு பிழைச்சு மியோசிஸ் வரைக்கும் வந்துச்சு. அதாவது மனுஷ டாஸும் எலி டாஸ்-எல்லும் ஓரளவுக்காவது ஒரே வேலைதான் பாக்குது.

இதுலயே உன் ரெண்டாவது கேள்விக்கும் பதில் இருக்கு. ஒய்-ல டாஸ் போனாலும் 3-வது குரோமோசோம்ல டாஸ்-எல் அப்படியே இருக்கு. அதுதான் சிலருக்குக் கொஞ்சம் செல்லயாவது கடைசி வரைக்கும் கூட்டிட்டு வருதுன்னு இந்தத் துறையில நிறைய பேர் நினைக்கறாங்க, நானும் அப்படித்தான் நினைக்கறேன். அதே நேரம் ஏஇசட்எஃப்-சியில டாஸ் மட்டும் போகல, சிடிஒய்1, பிபிஒய்2ன்னு வேற ஜீன் காப்பிகளும் சேர்ந்து போகுது, அதனால எல்லா பழியையும் டாஸ் மேல மட்டும் போடறது நியாயம் இல்ல. மனுஷன்ல டாஸ தனியா எடுத்துப் பாக்க முடியாது, இயற்கை எடுத்தா மொத்தமாத்தான் எடுக்குது.

மதுரை_வாசகன்

இந்தத் திரிய படிச்சதும் எழுதணும்னு தோணுச்சு. எனக்கு ஒய் டெஸ்ட் சுத்தமா நார்மல். ஆனா பயாப்சியில 'மேச்சுரேஷன் அரெஸ்ட்'ன்னு எழுதியிருக்காங்க, விந்தணு ஆகாம பாதியில நிக்குதாம். ஒய் சரியா இருக்கறதால ஜீன் பிரச்சினை இல்லன்னு ஒரு இடத்துல சொன்னாங்க, இன்னொரு இடத்துல காரணம் தெரியலன்னுட்டாங்க. ஆர்என்ஏ புரோட்டீன் பிரச்சினை எனக்கும் இருக்கலாமா?

லேப்பெஞ்ச்_கலா

இருக்கலாம் சார். ஒய் டெஸ்ட் நார்மல்னா ஒய்-ல அந்த மூணு பகுதி பத்திரமா இருக்குன்னு மட்டும்தான் அர்த்தம். விந்தணுவுக்கு வேண்டிய ஆர்என்ஏ புரோட்டீன் பெரும்பாலும் மத்த குரோமோசோம்லதான் இருக்கு, அத அந்த டெஸ்ட் தொடவே தொடாது.

எந்த இடத்துல நிக்குதுங்கறத பொறுத்து யார் மேல சந்தேகப்படணும்னு மாறும். மியோசிஸ்குள்ள நுழையற இடத்துல ஒய்டிஹெச்டிசி2ன்னு ஒரு புரோட்டீன், பழைய எம்ஆர்என்ஏ-வ கழிச்சுக்கட்டி செல்ல மியோசிஸுக்குத் திருப்பறதுல பங்கு இருக்கு, அது இல்லாத எலி மலடு. மியோசிஸ்ல நின்னுபோன ஆண்களோட பயாப்சியில பிஓஎல்எல் புரோட்டீன் தெரியலன்னு ஜெர்மனியில இருந்து 2004-ல ஒரு ஆய்வு வந்துச்சு. எலியில பிஓஎல்எல்ல எடுத்தா உருண்டை செல்லு கட்டத்துல நிக்குது. மிவின்னு ஒண்ணு இருக்கு, பை-ஆர்என்ஏன்னு சின்னச் சின்ன ஆர்என்ஏ-வ கையில வெச்சுக்கிட்டு வேலை பாக்கற புரோட்டீன், அது போனாலும் உருண்டை செல்லுல நிக்கும். அதனால பயாப்சி ரிப்போர்ட்ல மேச்சுரேஷன் அரெஸ்ட்னு மட்டும் இருந்தா எந்தக் கட்டத்துலன்னு கேட்டு எழுதி வாங்குங்க, அது ஜீன் தேடறவங்களுக்குப் பெரிய உதவி.

உருண்டை செல்லுக்கு அப்புறம் நடக்கறதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி, மேல சொன்ன முன்னாடியே எடுத்து வெக்கற கதை. புரோட்டமைன் எம்ஆர்என்ஏ எலியில உருண்டை செல்லுலயே வந்துடும், ஆனா ஒரு வாரம் போல புரோட்டீனா மாறாம கட்டி வெச்சிருக்கும். எம்எஸ்ஒய்2ங்கற புரோட்டீன் இப்படி எம்ஆர்என்ஏ-வ மூடி பாதுகாக்கறதுல முக்கியமானது, அது இல்லன்னா ஆண் எலி மட்டும் இல்ல பெண் எலியும் மலடு, ஏன்னா முட்டையும் எம்ஆர்என்ஏ-வ சேத்து வெச்சு வாழற செல்லுதான். அந்தக் காத்திருப்பு உண்மையிலயே வேணுமான்னு ராபர்ட் பிரவுன் குழு 1995-ல சோதிச்சாங்க. புரோட்டமைன் எம்ஆர்என்ஏ-வோட வால் துண்ட, கட்டி வெக்கறவங்க உக்காரற இடத்த, மாத்தி வேற ஜீனோட வால ஒட்டினாங்க. புரோட்டமைன் அதே புரோட்டமைன்தான், நேரம் முந்திடுச்சு. அவ்வளவுதான், தலை அவசரமா இறுகி, செல்லு வடிவம் வர்றதுக்குள்ள நின்னுபோச்சு, எலி மலடாச்சு. சரியான புரோட்டீனே தப்பான நேரத்துல வந்தா போதும்.

கட்டி வெச்சத அவிழ்த்து விடறது யாருன்னு ரொம்ப நாளா சரியா தெரியாம இருந்துச்சு. 2022-ல ஷாங்காய்ல ஒரு குழு எஃப்எக்ஸ்ஆர்1ங்கற புரோட்டீன் அந்த வேலைய பண்ணுதுன்னு காட்டினாங்க. நீளற செல்லுல அது தண்ணிக்குள்ள எண்ணெய்த் துளி திரள்ற தினுசுல திரண்டு, எம்ஆர்என்ஏ-வையும் புரோட்டீன் செய்யற கருவிகளையும் ஒரே இடத்துல சேக்குது. அந்தத் திரள்ற குணத்த மட்டும் கெடுக்கற மாதிரி ஒரே ஒரு அமினோ அமிலத்த மாத்தினா எலி மலடு. புரோட்டீன் இருக்கு, ஆர்என்ஏ-வையும் பிடிக்குது, ஆனா திரள முடியல.

உங்களுக்குச் சொல்ல வர்றது என்னன்னா, உங்க பிரச்சினை இதுல ஏதோ ஒண்ணா இருக்கலாம், ஆர்என்ஏ-வுக்குச் சம்பந்தமே இல்லாத வேற ஜீனாவும் இருக்கலாம், மியோசிஸ்ல டிஎன்ஏ-வ வெட்டி ஒட்டற ஜீன்கள்லயும் நிறைய பேருக்குக் கோளாறு கெடைச்சிருக்கு. எக்ஸோம்னு ஒரு டெஸ்ட் இருக்கு, புரோட்டீன் செய்யற ஜீன் எல்லாத்தையும் ஒண்ணா படிக்கறது. எல்லாருக்கும் பதில் கெடைக்காது, ஆனா கெடைச்சா ஆபரேஷன்ல விந்தணு கெடைக்க வாய்ப்பு இருக்கா இல்லயான்னு முன்கூட்டியே கொஞ்சம் சொல்ல முடியும். உங்க பெத்தவங்க நெருங்கின சொந்தத்துல கட்டினவங்கன்னா இந்த டெஸ்ட்டுக்கு இன்னும் அர்த்தம் இருக்கு, ஏன்னா ரெண்டு பக்கமும் ஒரே கெட்டுப்போன காப்பி வந்து சேர வாய்ப்பு அதிகம். அத்தை மகள் மாமன் மகன்னு கட்டற நம்ம பக்கத்துல இத கண்டிப்பா கேட்டுப் பாக்கணும். ஹைதராபாத்ல சிசிஎம்பிங்கற உயிரியல் ஆராய்ச்சி நிலையம் மாதிரி இடங்கள்ல இந்திய ஆண்களோட மலட்டுத்தன்மை ஜீன்கள பத்தி பல வருஷமா வேலை நடக்குது, உங்க டாக்டர்கிட்ட ஆராய்ச்சிக்கு சாம்பிள் குடுக்க வழி இருக்கான்னு கேளுங்க.

பேர்_வேண்டாம்_77

ஈரோடு நண்பா, எனக்கும் ஏஇசட்எஃப்-சிதான். மருத்துவம் மேல ரெண்டு பேரும் அருமையா சொல்லிட்டாங்க, வீட்டு விஷயம் ஒண்ணு நான் சொல்றேன். ரிப்போர்ட் வந்ததும் நானும் என் மனைவியும் மொதல்ல பண்ணினது, எங்கம்மா அப்பாவையும் அவங்க வீட்டையும் ஒண்ணா உக்கார வெச்சு, காரணம் என் பக்கம்தான்னு நானே வாய் திறந்து சொன்னது. அதுவரைக்கும் கோயில் கோயிலா போகச் சொன்னதும், விசேஷ வீட்டுல ஒதுக்கி வெச்சதும் எல்லாம் அவளைத்தான். வளைகாப்புக்குக் கூப்பிட்டுட்டு வளையல் போட மட்டும் கூப்பிடாம விடுவாங்க, அத பாத்துட்டு வந்து அவ ராத்திரியெல்லாம் தூங்காம கெடந்தது எனக்குத் தெரியும். நான் சொன்னதுக்கு அப்புறம் அந்தப் பேச்சு நின்னுச்சு. ஆம்பளயா இருந்துக்கிட்டு இத எப்படி வெளிய சொல்றதுன்னு தோணும், சொல்லிடுங்க, அவங்க தோள்ல இருந்து அந்த பாரத்த இறக்கறது உங்களால மட்டும்தான் முடியும்.

எங்களுக்கு விரையில இருந்து விந்தணு கெடைச்சு, ரெண்டாவது இக்ஸியில பையன் பொறந்தான். அவனுக்கும் இந்த டெலிஷன் இருக்கும்னு தெரிஞ்சுதான் பெத்துக்கிட்டோம். அவன் வளந்ததும் சரியான வயசுல நாங்களே உக்காந்து சொல்லுவோம், என்னை மாதிரி அவன் கண்ண கட்டி காட்டுல விட்ட மாதிரி அலைய வேண்டாம். தானம் வாங்கின விந்தணு, தத்து எடுக்கறது ரெண்டையும் நாங்க பேசி வெச்சிருந்தோம், அதுவும் கௌரவமான வழிதான், அந்தக் கதவ மூடாதீங்க.

தறிக்காரன்_ஈரோடு

எல்லாருக்கும் நன்றிங்கறது சின்ன வார்த்தை. அட்டை விஷயம் சட்டுன்னு புரிஞ்சுடுச்சு கலா, டிசைன் இருந்தும் ஏத்த ஆள் இல்லன்னா என்னாகும்னு எனக்கு நல்லாவே தெரியும். வீட்டம்மாவையும் பக்கத்துல உக்கார வெச்சுத்தான் எல்லாத்தையும் படிச்சேன், பேர் வேண்டாம் அண்ணன் சொன்னத நாளைக்கே பண்றோம்.

எம்ப்ரியோ அக்கா, கடைசியா ஒண்ணு. நேரா ஆபரேஷனுக்குப் போயிடலாமா, இல்ல அதுக்கு முன்னாடி நான் வேற ஏதாவது டெஸ்ட் கேக்கணுமா? அடுத்த வாரம் டாக்டரம்மாவ பாக்கறேன்.

எம்ப்ரியோ_அக்கா

ஒண்ணு கண்டிப்பா கேளுங்க தம்பி. உங்க ரெண்டு விந்து ரிப்போர்ட்லயும் சாம்பிள சென்ட்ரிஃப்யூஜ்ல சுத்தி அடியில படிஞ்சத முழுசா பாத்தாங்களான்னு பாருங்க, ரிப்போர்ட்ல 'பெல்லட்'னு எழுதியிருப்பாங்க. சுத்தாம ஒரு சொட்டு மட்டும் பாத்து 'நாட் சீன்' போடற லேபும் இருக்கு. ஏஇசட்எஃப்-சி ஆட்களுக்கு சில சமயம் மொத்த சாம்பிள்லயும் பத்து இருபது விந்தணு மட்டும் இருக்கும், அது சுத்திப் பாத்தாத்தான் மாட்டும். அது கெடைச்சாலே இக்ஸிக்குப் போதும், விரைய திறக்கவே வேண்டியதில்ல.

ரெண்டுல இருந்து ஏழு நாள் விந்து வெளியேத்தாம இருந்து, ஐவிஎஃப் லேப் இருக்கற இடத்துலயே சாம்பிள் குடுங்க, வீட்டுல எடுத்து பஸ்ல கொண்டு போகாதீங்க. குடுக்கறதுக்கு முன்னாடியே, ஒண்ணு தெரிஞ்சாலும் அன்னைக்கே ஃப்ரீஸ் பண்ணிடுங்கன்னு எழுத்துல சொல்லிடுங்க, ஏன்னா இந்த டெலிஷன் இருக்கறவங்களுக்கு இருக்கற கொஞ்சமும் வருஷம் போகப் போக குறையலாம். தேடியும் ஒண்ணும் இல்லன்னாத்தான் மைக்ரோ டீசி பேச்சு. அதுவும் அன்னைக்கே மனைவிக்கு முட்டை எடுக்கற நாளா வெக்கலாமா, இல்ல மொதல்ல விந்தணு எடுத்து ஃப்ரீஸ் பண்ணி வெச்சுட்டு அப்புறம் அவங்களுக்கு ஊசி ஆரம்பிக்கலாமான்னு கேளுங்க. என்னக் கேட்டா உங்க மாதிரி ஆட்களுக்கு ரெண்டாவதுதான் நல்லது, விந்தணு கையில இருக்குன்னு உறுதியாகறதுக்கு முன்னாடி உங்க மனைவி இன்னொரு தடவ அந்த ஊசியெல்லாம் போட்டுக்க வேண்டாம்.